இணைச்சீர் ஷாட்

இந்தப் பையை மேல வெக்கச் சொல்லாதீங்ணா. மடியிலயே இருந்துக்கட்டும், உங்க கால்ல படாமப் பாத்துக்கறேன். உள்ள கேமரா இருக்குதுங்க. கண்டக்டரும் ரெண்டு வாட்டி சொல்லிட்டாரு. அவருக்கு என்ன தெரியும். வேகத்தடையில ஏறி எறங்கறப்ப மேல இருக்கற சாமானெல்லாம் எப்படிக் குதிக்குது பாருங்க. லென்சுக்குள்ள ஒரு கண்ணாடி நகந்துதுன்னா முடிஞ்சுது.

நீங்க எதுவரைக்குங்ணா? மூலனூருங்களா? நல்லதாப் போச்சு. நானும் மூலனூருதான். தாராபுரத்துல எறங்கி மாறோணும். எங்கூட்டுக்காரியோட அம்மா ஊரு அது. ஒரு டிஸ்க்கு வாங்கியாரப் போறேன். ஹார்டு டிஸ்க்குங்க, சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதுக்குள்ள ஆறு நிமிசம் வீடியோ இருக்குது. ஞாயித்துக்கெழமைக்குள்ள அது என்ற கைக்கு வரலீன்னா நான் இந்தத் தொழிலை வுட்டுட்டு மறுபடியும் மில்லுக்குத்தான் போகோணும். வெளையாட்டுக்குச் சொல்லலீங்க. நேத்துல இருந்து சோறு எறங்கலை.

என்ற பேரு பூபதிங்க. காங்கயத்துல வீடியோ கடை. கல்யாணம், காதுகுத்து, சீரு எல்லாம் எடுப்போம். நானாக் கத்துக்கிட்டதுங்க, ஒருத்தருகிட்டப் போயி கைகட்டி நின்னதில்லை. அதுக்கு முன்னாடி எண்ணெய் மில்லுல டின்னு அடைச்சிட்டிருந்தேன். மொதலாளி பையன் கல்யாணத்துல ஒருத்தன் கேமராவோட வந்தான் பாருங்க, மொதலாளியே ஒதுங்கி அவனுக்கு வழி வுட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இருந்தா இப்படி இருக்கோணும்னு.

எல்லாம் யூட்யூப்புதான். பாதிப்பேரு இங்கிலீசுல பேசுவான், மீதிப்பேரு இந்தியில பேசுவான். ரெண்டும் எனக்கு வராது. அவன் எந்தப் பட்டனை அமுக்கறானோ அதை நானும் அமுக்குவேன். மொதக் கேமராவுல வெளிச்சம் கம்மியானா படம் பொரி பொரியா வரும். அதைக் குடுத்துட்டு வேற வாங்கினேன். அதுல போகஸ் தானாப் புடிக்காது. அதையும் குடுத்துட்டு வேற. அப்பறம் ஒருத்தன் சொன்னான், கேமராவெல்லாம் ஒண்ணுமே இல்லை, லென்சுதான் எல்லாம்னு. சரின்னு லென்சு வாங்கினேன். மறுமாசம் அவனே வந்து லென்சுல என்ன இருக்குது, லைட்டுதான்னான். அவனை என்ன பண்றதுங்க? லைட்டும் வாங்கினேன். கிம்பல்னு ஒண்ணு, கேமராவை அதுல மாட்டிட்டு ஓடினாக்கூடப் படம் ஆடாது. அதும்மேல ட்ரோனு. இந்தத் தொழில்ல சாமான் வாங்கறதை நிறுத்தினா நம்மளை நிறுத்திருவாங்க. அதை நீங்க புரிஞ்சுக்கோணும்.

எடிட்டிங்கு எங்கூட்டுக்காரி. இந்துமதின்னு பேரு. எடிட்டிங்குன்னா பெருசா ஒண்ணுமில்லீங்க, எடுத்துட்டு வந்ததை வெட்டி ஒட்டறது. எடுக்கறதுதானே வேலை? எந்தப் பட்டன் எங்க இருக்குதுன்னு நான்தான் மொத நாளு காட்டிக் குடுத்தேன். எட்டு வருசமா அவதான் பாத்துக்கிட்டா.

ஆனா அவ பண்ற விதம் இருக்குது பாருங்க, பாத்தா உங்களுக்கே பொறுமை போயிரும். கல்யாணம் முடிஞ்சு வந்தா மொத வேலை, கேமராவோட மெமரி கார்டுல இருக்கறதை ரெண்டு டிஸ்க்குல காப்பி போடுவா. ஒண்ணு போதாதான்னா, ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டுங்கன்னுவா. டிஸ்க்குமேல வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பொண்ணு மாப்பிள்ளை பேரு எழுதுவா. அப்பறம் ஒரு நாள் முழுக்க மவுசைத் தொடமாட்டா. சும்மா உக்காந்து பாப்பா. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரி மாதிரி. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வெச்சிருப்பா. பொண்ணோட சித்தப்பா சிரிச்சாரு, இத்தனாவது நிமிசம். மாப்பிள்ளையோட அம்மா கண்ணைத் தொடச்சாங்க, இத்தனாவது நிமிசம். இப்படியே எழுதிட்டிருப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு ஊட்டுப் பொம்பளைங்களுக்கும் போன் பண்ணி, யாரு யாருக்கு என்ன வேணும், யாரு யாருகூடப் பேசறதில்லைன்னெல்லாம் கேட்டு வெச்சுக்குவா. மணிக்கணக்குல பேசுவாளுங்க. எனக்கு ஆத்தரமா வரும். வேலை நேரத்துல ஊர்க்கதை பேசிட்டிருக்கறான்னு நெனைப்பேன்.

சிஸ்டமும் பழசு. நாங்க கடை ஆரம்பிச்சப்ப வாங்கினது. ஒரு பைலைத் தெறக்கச் சொன்னா அது தெறக்கறதுக்குள்ள நீங்க போயி டீ குடிச்சுட்டு வந்தரலாம். அதுலதான் அவ கத்துக்கிட்டா, அதுலதான் பண்ணுவா. அது மேல ஒரு துணி போட்டு மூடி வெப்பா. நான் போன தை மாசம் புது சிஸ்டம் எறக்கினேன். இத்தாம்பெரிய கிராபிக்ஸ் கார்டு, உள்ள லைட்டெல்லாம் எரியும். புது சாப்ட்வேரு. முகத்தை அதுவே கண்டுபுடிக்குமுங்க. நல்ல ஷாட்டு எதுன்னு அதுவே பொறுக்கும். பாட்டுக்குத் தகுந்தாப்பல அதுவே வெட்டும். அந்தப் பழைய பொட்டியைக் காயலாங்கடைக்காரருக்குப் போட்டுட்டேன். அவ அன்னைக்குப் பாப்பாவைக் கூப்புட ஸ்கூலுக்குப் போயிருந்தா. வந்து பாத்தா. துணியை எடுத்து மடிச்சு வெச்சா.

என்னங்ணா கேட்டீங்க? சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ சத்தம் போட்டுப் பேசி நான் பாத்ததே இல்லை.

ஒரு நாள் வெள்ளகோயில்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. டீச்சரு. அவங்க பொண்ணு கல்யாண வீடியோவை வாங்கிட்டுப் போயி ஊட்டுல போட்டுப் பாத்துட்டு, மறுபடியும் கடைக்கே வந்துட்டாங்க. அழுதுட்டே பேசினாங்க. அவங்க ஊட்டுக்காரரு ஒரு வார்த்தை பேசாத ஆளாம். பொண்ணைத் தாரை வார்த்தப்பறம் அவரு தனியாப் போயி பந்தல் காலைப் புடிச்சுட்டு நின்னிருக்காரு. அது வீடியோவுல இருக்குதாம். யாருங்க இதை இப்படிக் கோத்ததுன்னு கேட்டாங்க. நான் புது சிஸ்டத்தைக் காட்டி, எல்லாம் இந்த மிசினு பண்றதுங்கன்னேன். நெசத்துல அது பழைய பொட்டியில பண்ணினதுதான். ஆனா புதுசா ஒண்ணு வாங்கினா நாலு பேருக்குத் தெரியோணுமில்லீங்களா? இந்துமதி அப்ப அந்த டீச்சருக்குத் தண்ணி குடுத்துட்டு நின்னிட்டிருந்தா. சொம்பை வாங்கிட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் பாப்பாவைக் கூட்டிட்டு அம்மா ஊட்டுக்குக் கெளம்பிட்டா. ரெண்டு நாளுல வந்துருவான்னுதான் நானும் நெனைச்சேன். வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னா. "பரிமளாக்கா ஷாட்டு என்ற கார்டுல இருக்குது. அதை மட்டும் பாத்துக்கங்க."

அந்தப் பரிமளாக்கா யாருன்னா, அவங்கதான் இப்ப என்ற கழுத்துக்கு வந்திருக்கறாங்க. ஊதியூருப் பக்கம் ஒரு கல்யாணம், பெரிய குடும்பம். மாப்பிள்ளையோட கூடப்பொறந்த அக்கா அவங்க. நம்ம பக்கத்துக் கல்யாணத்துல இணைச்சீரு இருக்குதல்லங்க, முகூர்த்தத்துக்கு முன்னாடி, மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ நின்னு செய்யறது. கூறைச்சேலையோட ஒரு முனை மாப்பிள்ளை கையில, இன்னொரு முனை கூடப்பொறந்தவ கையில. இந்த அக்கா பதினோரு வருசத்துக்கு முன்னாடி அவங்களாப் பாத்து ஒருத்தரைக் கட்டிட்டுப் போனவங்க. ஊட்டுல யாரும் பேசறதில்லை. பங்காளி பொண்ணு ஒண்ணை நிறுத்திச் சீரை முடிச்சுக்கலாம்னு பெரியவங்க பேசி வெச்சிருந்தாங்க. அன்னைக்கு விடியால மாப்பிள்ளையே காரை எடுத்துட்டுப் போயி அக்காவைக் கூட்டியாந்து நிறுத்திட்டாரு.

இந்துமதிக்கு இது முன்னாடியே தெரியுமுங்க. போன்ல பேசிப் பேசித்தான். அவ பழைய சின்னக் கேமராவை எடுத்துட்டு அங்க போயி நின்னுட்டா. நானா? நான் அப்ப மண்டபத்துக்கு வெளிய இருந்தேன். அப்பத்தான் வெயிலு ஏறுது. அந்த வெளிச்சத்துல மண்டபத்தையும் கார் வரிசையையும் மேல இருந்து எடுத்தா எப்படி இருக்கும்னு ட்ரோனை வுட்டேன். அருமையா வந்துதுங்க அந்த ஷாட்டு. இப்பக் காட்டட்டுங்களா? வேண்டாமா? சரி.

அப்பறம் நான் தனியா உக்காந்து எடிட்டு பண்ணினேன். இந்துமதி கார்டைப் போட்டுப் பாத்தேன். பழைய கேமரா, கலரு என்ற கேமராவோட ஒத்தே போகலை. கொஞ்சம் ஆட்டம் வேற. புது சாப்ட்வேரே அதை வேண்டாம்னு ஒதுக்கிருச்சு. மிசினே வேண்டாம்னு சொல்லுதே, அப்பறம் நான் வெச்சு என்ன பண்றதுன்னு, கார்டை அழிச்சுட்டு வேற விசேசத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அது மேல ரெண்டு சீரு, ஒரு காதுகுத்து ஏறிருச்சு. திரும்ப எடுக்க முடியுமான்னு கோயமுத்தூரு வரைக்கும் போயிக் கேட்டுட்டு வந்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க.

வீடியோவைக் குடுத்தேன். கலரெல்லாம் சினிமாவாட்டம் இருந்துச்சு. நாலு நாளு கழிச்சு மாப்பிள்ளை கடைக்கு வந்தாரு. கத்துவாருன்னு பாத்தேன், கத்தலை. அதுதான் பயமா இருந்துச்சு. சேர்ல உக்காந்து ரொம்ப மெதுவாக் கேட்டாரு.

"காரெல்லாம் நல்லா வந்திருக்குதுங்க. எங்கக்கா எங்கங்க?"

போட்டோகாரரு எடுத்த போட்டோ இருக்குமேங்கன்னேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் பரிமளாக்காவே கூப்புட்டாங்க. போட்டோ அவங்ககிட்டயும் இருக்குதாம். ஆனா சேலை முனையைப் புடிச்சு நின்னப்ப அவங்க அம்மா கிட்ட வந்து, முகத்தைத் தடவி, "ஏங்கண்ணு இப்படி எளைச்சுட்டே"ன்னாங்களாம். பதினோரு வருசத்துல அந்தம்மா பேசின மொத வார்த்தை அது. அப்பறம் கூட்டத்துல வேற ஒண்ணும் பேச முடியலையாம், இவங்களும் அப்பவே ஊருக்குத் திரும்பிட்டாங்களாம். "அந்த வார்த்தை போட்டோவுல கேக்குமா தம்பி?"ன்னு கேட்டாங்க. இந்துமதி பக்கத்துல நின்னு எடுத்தது அவங்களுக்குத் தெரியுமுங்க. அதுல இருக்குதான்னு மட்டும் சொல்லுன்னாங்க. இருக்குதுங்க்கா, தர்றேங்க்கான்னுட்டேன். அழிச்சுட்டேன்னு எந்த வாயில சொல்றது?

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை ஊட்டுல விருந்து. திரை கட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டறதா ஏற்பாடு. இன்னைக்கு வெள்ளி. அதுக்குள்ள வேற ரெண்டு பார்ட்டி தேதி குடுத்தவங்க வேண்டாம்னுட்டாங்க. வீடியோ வாங்கிட்டுப் போன இன்னொருத்தரு அதைத் திருப்பிக் கொண்டாந்து மேசைமேல வெச்சு, முன்ன மாதிரி இல்லீங்களேன்னாரு. எது முன்ன மாதிரி இல்லை? கேமரா முன்னவிட ஒசத்தி, லென்சு ஒசத்தி, சிஸ்டம் ஒசத்தி. சாப்ட்வேருதான் சரியில்லையாட்ட இருக்குதுன்னு அதோட அடுத்ததையும் போட்டுப் பாத்துட்டேன். அப்பவும் அப்படியேதான் இருக்குது. சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போனாக்கூட நம்மளை ஒரு மாதிரி பாக்கறாங்க. ஏன்னு புரியலீங்ணா. நெசமாப் புரியலை.

டிஸ்க்கை எல்லாம் தேடினேன். பிளாஸ்திரி ஒட்டினது வரிசையா இருக்குது, அந்தக் கல்யாணத்துது மட்டும் ரெண்டும் இல்லை. அவ கையோட எடுத்துட்டுப் போயிருக்கறா. போன் பண்ணினேன். போன் எடுப்பாளுங்க, எடுக்காம இருக்கமாட்டா. எடுத்ததும் சாப்டீங்களாம்பா. நான் டிஸ்க்கு எங்க வெச்சேன்னு கேப்பேன். அதோட போனை வெச்சுருவா. இப்படி ஒம்போது பத்து வாட்டி. போனாப் போகுதுன்னு நேர்லயே கேட்டுரலாம்னு இன்னைக்கு கெளம்பிட்டேன்.

பாப்பாவா? ரெண்டாப்பு. அங்கயே சேத்திட்டாங்க. டி.சி. வாங்கறதுக்குக் கையெழுத்துப் போடோணும்னு மச்சான் வந்தாரு. அன்னைக்கு பாருங்க சாப்ட்வேரு எறங்கிட்டிருந்துச்சு, நடுவுல கரண்டு போயிருமோன்னு எனக்கு ஒரே பதட்டம். எங்க போடறதுன்னு கேட்டுப் போட்டுக் குடுத்துட்டேன். டி.சி.ன்னா திரும்பி வரமாட்டாங்கன்னு அர்த்தமாங்ணா? அன்னைக்கு எனக்கு அது தோணவே இல்லை. பொறவு ஒரு வாரம் கழிச்சுப் பல்லு வெளக்கிட்டு இருக்கறப்பத் தோணுச்சு.

இருங்ணா, போன் அடிக்குது. கடவுளே, பரிமளாக்கா. எடுக்கட்டுங்களா, வேண்டாமா? எடுத்தர்றேன்.

அலோ. அக்கா, சொல்லுங்க. பஸ்ஸுல இருக்கறேனுங்க்கா. அதுக்குத்தான் போயிட்டிருக்கறேன், நாளைக்குள்ள எப்படியும்... என்னங்க்கா? ... எப்பங்க்கா? ... யாரு? ... ம்ம். ... ம்ம். ... இல்லீங்க்கா, எனக்குத் தெரியாது. எங்கிட்டச் சொல்லலை. ... பாத்தாங்களா? அம்மா என்ன சொன்னாங்க? ... சரிங்க்கா. ... இல்லீங்க, ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸு சத்தம். ... சரிங்க்கா. வெச்சர்றேன்.

வந்துருச்சாமுங்ணா. காலையிலயே வந்துருச்சாம். அந்த ஆறு நிமிசம் மட்டுமில்லை, மொத்தக் கல்யாணமும் மொதல்ல இருந்து புதுசா. இந்துமதி அனுப்பிருக்கறா. மூலனூர்ல ஒரு செராக்ஸ் கடையில சிஸ்டம் இருக்குதாம், ஆதார் பிரிண்டு போட்டுக் குடுப்பாங்களே, அந்தச் சிஸ்டம். பாப்பாவை ஸ்கூல்ல வுட்டுட்டு அங்க போயி உக்காந்து பண்ணிருக்கறா. எனக்குத் தெரியுமுங்க, அந்த மாதிரிப் பொட்டியில ஒரு கல்யாணத்தை ஏத்தவே அரை நாளாகும். அதுலதான் பண்ணிருக்கறா.

அந்தம்மா சொன்ன வார்த்தை நல்லாக் கேக்குதாம். விருந்துக்குன்னு மாப்பிள்ளை அக்காவை நேத்தே கூட்டியாந்துட்டாராம், அந்தம்மாளைப் பக்கத்துல உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினாங்களாம். அந்தம்மா பொண்ணு கையைப் புடிச்சவங்க இன்னும் வுடலையாம். நான் எடுத்த ட்ரோன் ஷாட்டும் இருக்குதாம். மாப்பிள்ளை அக்காவைக் கூட்டியார்ற காரு, மண்டப கேட்டுக்குள்ள நொழையறது மேல இருந்து தெரியுதாம். அந்தக் காருல யாரு வந்தாங்கன்னு நான் பாக்கலீங்ணா. நான்தான் எடுத்தேன், நான் பாக்கலை. அவ பாத்துக் கண்டுபுடிச்சு எடுத்து வெச்சிருக்கறா.

கடைசியில பேரு போட்டிருக்குதாம். ஒளிப்பதிவு பூபதின்னு மொதல்ல போட்டு, அதுக்குக் கீழ தொகுப்பு இந்துமதின்னு. எட்டு வருசத்துல எத்தனை கல்யாணம், எத்தனை சீரு. நான் ஒண்ணுலயும் அவ பேரைப் போட்டதில்லீங்க. போடக்கூடாதுன்னு இல்லை. தோணலை. அவ ஒரே ஒரு வாட்டி தனியாப் பண்ணினா, அதுல என்ற பேரை மொதல்ல போட்டிருக்கறா.

பரிமளாக்கா கேட்டாங்களாம், ஊட்டுக்காரரு கையிலயே குடுத்திருக்கலாமே கண்ணுன்னு. அதுக்கு இவ சொன்னாளாம், அவரு டிஸ்க்கைத்தாங்க்கா கேட்டாரு, வேற ஒண்ணும் கேக்கலைன்னு.

தாராபுரம் வந்துருச்சு. எல்லாரும் எந்திரிக்கறாங்க. இருங்ணா, கொஞ்சம் உக்காருங்க. கூட்டம் எறங்கட்டும்.

டிஸ்க்கு இனி எதுக்கு? அந்த வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கெழமை விருந்துல போடறதுக்கு வீடியோ வந்துருச்சு, என்ற மானமும் ஒரு மாதிரி பொழைச்சுது. டிஸ்க்கு வேணும்னு ஒரு சாக்கு இருந்துச்சுங்ணா, அதைச் சொல்லிட்டு அந்த வாசல்ல நின்னிருப்பேன். இப்பப் போனா அவங்க அம்மா கதவைத் தெறந்து, என்ன வேணுங்க மாப்பிள்ளைன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்? வாயைத் தெறந்தா எனக்குக் கேமரா பேச்சுத்தான் வருது. வேற பேசி ரொம்ப நாளாச்சு. அவ சாப்டீங்களான்னு கேட்டா, இல்லைன்னாவது சொல்லத் தெரியுமா எனக்கு?

ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்ணா. மூலனூரு பஸ்ஸுல எனக்கும் சேத்து எடம் போட்டு வெய்யுங்க. நான் வரலீன்னா எறங்கி வந்து கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போங்க. திரும்பிப் போற காங்கயம் பஸ்ஸு பக்கத்துலயேதான் நிக்கும். என்னைய அதுல ஏற வுட்டராதீங்க.